கிணற்று ராட்டினம்

அன்புள்ள கயலுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கிறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் இடது முட்டியை நேற்று வேறொரு மருத்துவரிடம் காட்டினேன். முன்பு பார்த்தவர், வயதானால் வரும் தேய்மானம்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பியவர். இவர் முட்டியை மடக்கி வைத்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நேராக எடுத்த படத்தில் தெரியாதது அதில் தெரிந்தது.

நம் பழைய வீட்டுக் கிணற்று ராட்டினம் நினைவிருக்கிறதா? பள்ளம் தேய்ந்துபோய், இறைக்கும்போதெல்லாம் கயிறு ஒரு பக்கமாக விலகி உரசி நார்நாராகப் பிரியும். தொடையெலும்பின் அடியிலும் முட்டிச்சில்லு வழுக்கி ஓட அப்படியொரு பள்ளம் உண்டாம். அதன் கோணம் சாதாரணமாக 138 டிகிரியை ஒட்டி இருக்கும். 145-ஐத் தாண்டினால் ஆழம் போதாது. எனக்கு 152. பிறவி அமைப்பு. சில்லு நடுவில் நிற்காமல் வெளிப்பக்கம் சாய்வதால் பாரமெல்லாம் குருத்தெலும்பின் ஓர் ஓரத்திலேயே இறங்குகிறது. படியேறும்போது உடல் எடையைப் போல மூன்று மடங்கு அழுத்தம் அங்கே விழும். இத்தனை வருடமாக அந்த ஓரம் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. தேய்ந்தது பழையபடி வளராது.

"வீட்டில் வேறு யாருக்காவது சில்லு விலகியதுண்டா?" என்று அவர் கேட்டபோது என் வலி எனக்கு மறந்துபோயிற்று. ஒன்பதாம் வகுப்பில் கோகோ ஆடி விழுந்து, சில்லு விலகி நீ அலறியது காதில் கேட்டது. அதற்குப் பிறகு மாடிப்படி இறங்க வலிக்கிறது என்று நீ சொன்னபோதெல்லாம், இந்த வயதில் என்ன முட்டிவலி என்று அதட்டினேனே! இந்த அமைப்பு குடும்பத்தில் தொடரக்கூடியதாம். நீ சாக்குச் சொல்லவில்லை, கண்ணு. நான்தான் காது கொடுக்கவில்லை. மன்னித்துவிடு.

பள்ளம் ஆழமில்லாத எல்லோருக்கும் தேய்மானம் வந்தே தீரும் என்றில்லை, பயப்படாதே. ஆனால் தள்ளிப்போடாதே. எலும்பு மருத்துவரைப் பார். அன்று சில்லு விலகியதை மறக்காமல் சொல். முட்டியை மடக்கி எடுக்கும் படத்தைக் கேட்டு எடுத்துக்கொள். தொடைத் தசையும் இடுப்புத் தசையும் வலுவானால் சில்லு தடம் மாறாமல் ஓட உதவும் என்கிறார்கள். பிசியோதெரபிக்குப் போகச் சொன்னால் பாதியில் நிறுத்திவிடாதே.

நானும் காலை நீட்டித் தூக்கும் பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். குந்தி உட்கார வேண்டாம் என்றதால் வாசல் கோலம் இப்போது அப்பாவின் கையில்.

படம் எடுத்ததும் உன் கோணம் எத்தனை என்று எழுது.

அன்புடன்,
அம்மா