பாதங்களையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தொலைக்காட்சியில் ஒரு பரதநாட்டியக் கச்சேரி பார்த்தேன். வர்ணம் என்ற பெரிய உருப்படியில், தாளச் சொற்கட்டுக்கு மூன்று வேகங்களில் காலால் ஆடும் திரிகால ஜதி மூன்றாம் காலத்துக்கு வந்து, அதை முடித்துவைக்கும் தீர்மானம் விழப்போகிற நேரத்தில் கேமரா அந்தப் பெண்ணின் மூக்குத்திக்குத் தாவியது. சலங்கை கேட்கிறது, காலைக் காணோம். அடுத்து மிருதங்கக்காரரின் விரல்கள். அதற்கடுத்து உச்சியிலிருந்து ஒரு காட்சி. மேலிருந்து பார்த்தால், முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்து ஆடும் அரைமண்டி தெரியாது. அவ்வளவு அழகாக உட்கார்ந்து ஆடியவர் வெறுமனே நிற்பதுபோல் இருந்தது. கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த என் பேத்தி, கணக்கு விட்டுப்போய் என் முகத்தைப் பார்த்தாள்.

குளோஸ்-அப் கூடாது என்று நான் சொல்லவில்லை. பதம், ஜாவளி போன்ற அபிநயப் பாடல்களுக்கு முகம் அருகில் தெரியத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் கையை வெட்டிவிடுகிறார்கள். ‘கைவழி நயனம் செல்ல, கண்வழி மனமும் செல்ல’ என்று மிதிலையின் ஆடலரங்கைப் பாடுகிறார் கம்பர். கை திரைச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டால், அந்தக் கண் எதைத் தொடர்ந்து போகிறது என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு முழங்கைகளாவது சட்டத்துக்குள் அடங்க வேண்டாமா?

ஹாலிவுட்டில் நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேர், தாம் ஆடும்போது தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், இடையில் வெட்டுகள் குறைவாக இருக்க வேண்டும் என்று 1930களிலேயே பிடிவாதமாக இருந்தார். நமக்கும் முன்மாதிரி உண்டு. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாளைப் பற்றி சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ஆவணப்படத்தில், அறுபதை நெருங்கும் வயதில் அவர் கடற்கரையில் நின்று ‘கிருஷ்ணா நீ பேகனே’ ஆடுகிறார். பின்னால் அலை, காற்றில் படபடக்கும் புடவை. கேமரா அவரை அவசரப்படுத்துவதே இல்லை. அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

ஒளிபரப்புக் குழுவினரிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. அரங்கின் நடுவில், ஆடுபவரின் கண்மட்டத்தில் ஒரு கேமரா முழு உருவத்தையும், பாதத்துக்குக் கீழே ஒரு சாண் தரையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கட்டும். ஜதி முடியும்வரை அந்தக் காட்சியை மாற்றாதீர்கள். கச்சேரிக்கு முன், ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாருடன் அரை மணி நேரம் உட்கார்ந்து, எந்த ஜதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டால் போதும்.

மார்கழிக் கச்சேரிகளின் படப்பிடிப்பு தொடங்குவதற்குள் இது உரியவர்களின் பார்வைக்குப் போக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாட்டிய ரசிகை,
மயிலாடுதுறை