பெட்டரி மீது போட்ட பழி

மச்சான்,

உன் கார் பெட்டரியை மாற்றச் சொல்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. தயவுசெய்து இப்போதைக்கு மாற்றாதே. இரண்டு மாதத்துக்கு முன் எனக்கும் இதே கதைதான்: டேஷ்போர்டில் எச்சரிக்கை லைட் எரிந்தது, சிக்னலில் நின்றால் தானாக எஞ்சின் நிற்கிற வேலையும் இல்லாமல் போனது. கராஜ்காரர் ஸ்கேனரில் பெட்டரி சென்சர் என்று வந்ததைப் பார்த்து பெட்டரியையே மாற்றிவிட்டார். பழையதையும் விலையில் கழித்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஹட்டனில் ஒரு தூறல், லைட் திரும்ப வந்துவிட்டது.

அப்புறம் நானே மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். பழைய பெட்டரிக்கு ஒரு குறையும் இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. என் காரில் நெகடிவ் முனைப் பக்கம் இருந்து பெட்டரி கரண்டை அளக்கிற அந்தச் சின்ன சென்சருக்கு மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். உன் காரில் இரண்டு வயராகவும் இருக்கலாம், அது வேறு மாதிரி, வயரிங் படத்தைப் பார்த்துக்கொள். கனெக்டரைக் கழற்றி சாவியைப் போட்டுப் பார்த்தேன், 5 வோல்ட் சரியாக வந்தது. எர்த் வயரையும் பெட்டரியைக் கழற்றிவிட்டு வயரின் இரண்டு முனையிலும் தொட்டுப் பார்த்தேன், மீட்டர் 'பீப்' என்று கத்தியது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணானது. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது கத்தும் மச்சான்.

கனெக்டரைத் திரும்ப மாட்டி, சாவியைப் போட்டு, பின்பக்கமாக ஊசி விட்டு எர்த் வயருக்கும் நெகடிவ் முனைக்கும் நடுவே பார்த்தேன். கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் 0.8 வோல்ட். வயர்க்கட்டை விரலால் அசைத்துக்கொண்டே போனேன், பெட்டரித் தட்டுக்குப் பின்னால் மடிகிற இடத்தில் எண் துள்ளியது. டேப்பை உரித்தால் எர்த் வயரின் உறையில் குண்டூசி அளவு ஓட்டை, உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்டால் உதிர்கிறது!

போன வருஷம் நானுஓயா பக்கம் பனியில் ஓட்ட பொக் லைட் போட்டேனே, அந்த ஆள் கரண்ட் தேடி டெஸ்டர் ஊசியால் குத்திய இடம் அது. போதாததற்கு அந்த லைட்டின் எர்த்தை நேரே நெகடிவ் முனையில் முறுக்கியிருந்தான். அதில் ஓடுகிற கரண்ட் சென்சர் வழியாகப் போகாது, கம்ப்யூட்டருக்குக் கணக்கே வராது. அந்த எர்த்தை காரின் பொடிக்கு, அதாவது இரும்பு உடம்புக்கு, மாற்றினேன். வயரைப் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, ஈயம் பற்றவைத்து, பசை உள்ள சுருங்கு குழாயைப் போட்டேன். ஒரு மாதமாக மழைதான், எச்சரிக்கை லைட் வரவில்லை.

பதுளையில் உன் காருக்கும் யாராவது ஹோர்ன், லைட் என்று ஏதாவது போட்டார்களா? அங்கிருந்தே தொடங்கு. தட்டைக் கழற்ற 10ஆம் நம்பர் ஸ்பானர் போதும், மீட்டர் இல்லையென்றால் என்னுடையதை பஸ்ஸில் அனுப்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று எழுதவேயில்லையே நீ.