மின்சாரம் வந்தது, பாதை வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆலைக் கணினிகளின் பாதுகாப்பு என்றாலே வைரஸைப் பற்றித்தான் பேசுகிறோம். இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான். வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கன்ட்ரோல் ரூமில் சோலாரிஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பழைய கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு நெட்வொர்க் கார்டு: ஒன்று பாய்லர் பக்கம், மற்றொன்று அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப. ஒரு நைட் ஷிப்டில் கரண்ட் போய் வந்தபின் அறிக்கை போகவே இல்லை. தகவல் போகும் பாதைகளைப் பட்டியலிடும் 'நெட்ஸ்டாட் -ஆர்என்' கட்டளையை அடித்துப் பார்த்தேன்; வெளியே போகும் பொதுப் பாதையைக் காட்டும் 'டிஃபால்ட்' என்ற வரியையே காணோம். முன்பு யாரோ பாதையைத் தற்காலிகமாகச் சேர்க்கும் 'ரூட் ஆட்' கட்டளையை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மெஷின் அணைந்தால் அது போச்சு. 'டிஃபால்ட்ரவுட்டர்' கோப்பில் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) முகவரியை எழுதினால்தான் நிலைக்கும். சரி, எழுதினேன், அறிக்கை போனது.

அப்புறம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சோலாரிஸ் 8 போன்ற பழைய பதிப்புகளில் அந்தக் கோப்பு இல்லாமல் இரண்டு கார்டும் இயங்கினால், மெஷின் தானே ரவுட்டராக (இரு நெட்வொர்க்குகளை இணைக்கும் கருவியாக) மாறி, இந்தப் பக்கத்துத் தகவல் பாக்கெட்டை அந்தப் பக்கம் தள்ளிவிடும். அலுவலக மேசைக்கும் பாய்லருக்கும் நடுவே அத்தனை நேரமும் கதவு திறந்து கிடந்திருக்கிறது! 'நாட்ரவுட்டர்' (ரவுட்டர் அல்ல) என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு இருந்திருந்தாலே இது நடந்திருக்காது.

ஆண்டுப் பராமரிப்பில் வால்வு வால்வாகக் கழற்றிப் பார்க்கும் நிர்வாகங்கள், இந்த இரண்டு கோப்புகளுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

- ஓய்வுபெற்ற டெக்னீஷியன், தூத்துக்குடி