நாலு வரித் துணுக்குக்கு நாள்தோறும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் தினமும் வந்துகொண்டிருந்த நகைச்சுவைத் துணுக்கு வாரம் ஒருமுறையாகச் சுருங்கிவிட்டது. விளம்பரம் அதிகமான நாளில் அதுவும் வருவதில்லை. இடம் நிரப்பத்தானே அது என்று ஆசிரியர் குழுவில் யாரேனும் நினைத்திருந்தால், அதை மறுக்கவே இக்கடிதம். முன்னேற்றம் மனிதனை என்ன செய்யப் போகிறது என்பது பலமுறை தலையங்கத்துக்கு முன்பே, துணுக்கோ கேலிச்சித்திரமோ வரும் அந்தச் சின்னக் கட்டத்தில் அச்சேறியிருக்கிறது.

லண்டனின் 'பஞ்ச்' நகைச்சுவை இதழில், 1906 டிசம்பரில், வரப்போகும் ஆண்டுக்கான ஆரூடம் என்று லூயிஸ் பாமர் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். பூங்காவில் மரத்தடியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஆளுக்கொரு கம்பியில்லாத் தந்திக் கருவி. இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை; அவளுக்குக் காதல் செய்தி வருகிறது, அவருக்குக் குதிரைப் பந்தய முடிவு வருகிறது என்று கீழே விளக்கம். மார்க்கோனியின் சமிக்ஞை அட்லாண்டிக்கைக் கடந்து அப்போது ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தக் கருவி கைக்கு வந்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன ஆவார் என்று யோசித்தவர் பாமர். இன்று எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அந்த இருவரைப் பார்க்கலாம்.

1919 மார்ச்சில் 'டெய்லி மிர்ரர்' நாளிதழில் டபிள்யூ. கே. ஹேசல்டன் தம் கேலிச்சித்திரத்தில் சட்டைப்பைத் தொலைபேசியைக் கற்பனை செய்தார். ரயிலைப் பிடிக்க ஓடும்போது அடிக்கிறது, கச்சேரியில் அடிக்கிறது, சொந்தக் கல்யாணத்திலும் அடிக்கிறது. கைபேசியில் முதல் அழைப்பு போனது 1973இல். கருவி வருவதற்கு 54 ஆண்டுகளுக்கு முன்பே அதனால் வரும் சங்கடம் வந்துவிட்டது!

இதே காலத்தில் பெரிய அறிஞர்களும் ஆரூடம் சொன்னார்கள். நூறு ஆண்டுகளில் மனிதன் வாரம் 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்று 1930இல் எழுதினார் பொருளாதார மேதை கெயின்ஸ். வளர்ந்த நாடுகளில் செல்வம் பெருகும் என்ற கணக்கு பெரும்பாலும் பலித்தது. அவர் சொன்ன அளவுக்கு ஓய்வு மட்டும் வரவில்லை. மிச்சமான நேரத்தை மனிதன் சும்மா விடமாட்டான் என்பது புள்ளிவிவரத்தில் தெரியாது. பக்கத்து இருக்கைக்காரரைக் கவனிப்பவருக்குத் தெரியும். துணுக்கு எழுதுபவரின் வேலையே அதுதான்.

புதியது எதுவானாலும் 'அந்தக் காலத்தில் இப்படியா?' என்று முகம் சுளிக்கும் எழுத்துக்காக நான் பேசவில்லை. தடுப்பூசியும் மின்விளக்கும் கோடிக்கணக்கானோர் வாழ்வை மாற்றியவை. அவற்றைப் பழிப்பது கவனிப்பு ஆகாது. நல்ல துணுக்கு கருவியைத் திட்டாது, அதைப் பிடித்திருக்கும் கையைப் பார்க்கும்.

கைபேசியில் நகைச்சுவை கொட்டிக் கிடக்கிறதே, நாளிதழில் எதற்கு என்று கேட்கலாம். அங்கே சுற்றிவரும் சிரிப்புக்குப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. யார் எப்போது சொன்னார் என்பது மறுநாளே அழிந்துவிடும். பாமரையும் ஹேசல்டனையும் இன்று நாம் வியக்க முடிவது அவர்கள் சொன்னது தேதியோடு தாளில் பதிந்ததால்தான். செயற்கை நுண்ணறிவோடு பேசப் பழகும் நம் தலைமுறையை இன்று யாராவது கூர்மையாகக் கவனித்து நாலு வரி எழுதினால், நூறு ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அது கிடைக்க வேண்டாமா?

ஆகவே அந்தக் கட்டத்தைத் தினசரியாக்குங்கள். எழுதியவர் பெயரைப் போடுங்கள். வாசகர்களிடமிருந்தும், குறிப்பாக இளைஞர்களிடமிருந்தும், துணுக்குகளைக் கேட்டு வாங்குங்கள். தங்கள் பழைய இதழ்களில் வந்தவற்றில் வாரம் ஒன்றை, வெளியான தேதியோடு மறுபடி அச்சிட்டாலும் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்