கங்காணி நல்லவனாக இருந்திருக்க வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசியிருக்கலாம். ஆனால் பேச ஆரம்பித்தால் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். பின்னால் யாராவது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடிதத்தை நீ பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், அவசரமில்லாதபோது படித்துக்கொள்ளலாம்.

பொங்கலன்று நீயும் மாப்பிள்ளையும் பாலாவின் ‘பரதேசி’ படத்தை வைத்துக்கொண்டு போட்ட சண்டையில் நான் வாய் திறக்கவில்லை. சோறு ஆறுகிறது என்று கத்தியதோடு சரி. டிவியில் அந்தப் படம் வராமல் இருந்திருந்தால் அன்று எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டிருப்போம் என்று உன் அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ கிளம்பிப் போன பிறகு அந்தச் சண்டையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தின் கதைக்கு மூலமான ‘எரியும் பனிக்காடு’ புத்தகத்தையும் எடுத்து மறுபடி படித்தேன்.

சினிமாவைப் பற்றி உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூலகத்துக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் இணைப்பில் சினிமாப் பக்கத்தை மட்டும் கத்தரித்துக்கொண்டு போவாய். நான் திட்டுவேன், நீ மறுபடியும் கத்தரிப்பாய். ‘நான் கடவுள்’ படத்துக்காக பாலாவுக்குச் சிறந்த இயக்குநர் தேசிய விருது கிடைத்தபோது உனக்கே கிடைத்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நீ. அதே பையன் இன்று அவர் படத்தைப் பார்த்து, ‘அழவைக்கிறதே இவருக்குத் தொழில்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறான். வளர்ந்துவிட்டாய், சந்தோஷம்தான். ஆனால் ஒரு வரியில் தள்ளுகிற அளவுக்கு உனக்கு எப்போதிருந்து அவசரம் வந்தது?

நீ சொன்னதில் சரியானவற்றை முதலில் ஒத்துக்கொள்கிறேன். கதாநாயகன் ராசாவை அரை வெகுளியாக ஆக்கியது படத்தின் பலவீனம்தான். தண்டோரா போட்டுக்கொண்டு, ஊரார் போடும் சோற்றில் காலம் தள்ளுகிற அப்பாவி. அவனை அப்படிக் காட்டிவிட்டதால், வெகுளிதான் ஏமாறுவான் என்று ஆகிவிடுகிறது. ஆனால் அவனோடு போனவர்கள் எல்லோரும் வெகுளிகளா? பஞ்சத்தில் புத்திசாலிக்கும் வயிறு ஒன்றுதான். முதல் பாதியில் வருகிற கேலியும் கூத்தும் எனக்கும் அதிகமாகத்தான் பட்டன.

மாப்பிள்ளை சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. டாக்டர் பி.எச். டேனியல் வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, கண்ணால் கண்டதையும் தொழிலாளர்கள் வாயால் கேட்டதையும் வைத்து ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். 1969இல் வெளிவந்தது. அதைத்தான் இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். டேனியல் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் உருவாகத் துணைநின்ற மனிதர். அவர் புத்தகத்திலிருந்து கதையை எடுத்துக்கொண்டு, படத்தில் மருத்துவரை மட்டும் ஆடிப்பாடி மதம் மாற்ற வந்தவராகக் காட்டியது அநியாயம். அந்த இடத்தில் மாப்பிள்ளை எழுந்து வெளியே போனார், பார்த்தாயல்லவா? கோபத்தில் போனார் என்று நீ சிரித்தாய். அவர் பீடி பிடிக்கப் போனார். அதுவும் எனக்குத் தெரியும். உன் அக்காவிடம் சொல்லிவிடாதே.

இன்னொன்று. உடைகளுக்குத் தேசிய விருது கொடுத்ததை, ‘கோணியைக் கட்டிவிட்டதற்கு விருதா’ என்று கேட்டாய். நான் பிறந்த ஊரில் சாமி கும்பிடக்கூட மாற்றுச் சேலை இல்லாத பெண்களைப் பார்த்திருக்கிறேன். பூர்ணிமா ராமசாமி செய்துவைத்த அந்தத் துணியில் அழுக்கு பூசியது மாதிரி இல்லை, உடம்போடு ஒட்டி வளர்ந்தது மாதிரி இருக்கிறது. செழியனின் கேமராவைப் பற்றி நீயே குறை சொல்லவில்லை. நாஞ்சில் நாடன் வசனம். அதில் உனக்கு என்ன குறை என்று இன்னும் புரியவில்லை. கோலார் தங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற ‘தங்கலான்’தான் இதைவிட மேல் என்றாய். இருக்கட்டும். அதில் மாயமும் கனவும் கலந்திருப்பதால் பார்க்கிறவனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. இதில் அந்த இடம் இல்லை. அதைக் குறை என்று வைத்துக்கொண்டாலும் சரி.

நிற்க. இரவில் மஞ்சவாடிக் கணவாய் வழியாக வண்டி ஓட்டிக்கொண்டு வராதே. சேலத்திலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்பு. போன தடவை நீ வந்து சேர்ந்தபோது மணி இரண்டு.

இங்கே புளி உலுக்குகிற காலம். இந்த வருடம் நம் மூன்று மரத்திலும் காய்ப்பு பரவாயில்லை. குத்தகைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், நான்தான் கொடுக்கவில்லை. வழக்கமாக வருகிறவளே வந்து உலுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவளைத்தான் சொல்கிறேன், உனக்குத் தெரியும். பொங்கலன்று நீ படம் பார்த்துக்கொண்டே, ‘இப்படி எவன் கைநாட்டு வைப்பான்? இதெல்லாம் சினிமாவுக்காகச் சொல்வது’ என்று சத்தம் போட்டாயே, அப்போது அவள் நம் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கரும்பு கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனாள்.

தை கடைசியில் அவள் மகள் திரும்பி வந்துவிட்டாள். மூன்று வருடக் கணக்கு முடியவில்லை. மொரப்பூரில் ரயிலிலிருந்து இறங்கி, பஸ் கிடைக்காமல், யாரோ ஒருவருடைய வண்டியில் வந்தாள். இருமல். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே சொன்னாள், வேறு எதுவும் சொல்லவில்லை. அரூர் அரசு மருத்துவமனையில் காட்டியிருக்கிறார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ கேட்பாய் என்பதால். ஊர்ச் செய்தி கேட்கும்போதெல்லாம் அந்த மலைப்பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றித்தானே கேட்கிறாய், யார் வீட்டில் பத்தாவது முடித்த பெண் இருக்கிறாள், யார் வீட்டில் கல்யாணத்துக்குப் பணம் இல்லை என்று.

படத்துக்கே வருகிறேன். உன் முக்கியமான வாதம், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிற கங்காணியைப் பற்றியது. இவ்வளவு கொடூரமாக ஒருவன் இருப்பானா, இது மிகை என்றாய். கங்காணி மிகைதான். ஆனால் நீ நினைக்கிற பக்கத்தில் இல்லை.

ஊருக்குள் வரும்போது அவன் எவ்வளவு இனிப்பாகப் பேசுகிறான் பார். வேலை தேடிப் போன ராசாதான் வழியில் பார்த்து அவனை ஊருக்கே கூட்டிக்கொண்டு வருகிறான். நல்ல வீடு, நல்ல கூலி என்கிறான். மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவன் முழு வில்லன் ஆகிவிடுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் இருந்திருப்பான் அல்லவா? அவனை பாலா காட்டவில்லை. உண்மையில் கங்காணி என்பவன் வெளியூர்க்காரன் இல்லை. பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன், சொந்தச் சாதிக்காரன், முறைக்கு அண்ணனோ மாமனோ ஆகிறவன். முதலில் தானும் கூலியாகப் போனவன். ஆள் சேர்த்துக் கொடுத்தால் தலைக்காசு கிடைக்கும் என்று தெரிந்ததும் தன் ஊருக்கே திரும்பி வந்தவன். அந்தத் தலைக்காசு அவன் தங்கைக்குத் தோடாகவும் அம்மாவுக்குக் கூரையாகவும் மாறியிருக்கும். அவன் தன்னை நல்லவன் என்றுதான் நினைத்திருப்பான், பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன் என்று.

அப்படி ஒரு கங்காணியைக் காட்டியிருந்தால் பார்க்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். கொடூரனைக் காட்டினால், ‘நான் அவன் இல்லை’ என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். பாலாவைப் பற்றி எனக்கு இருக்கிற குறை இது ஒன்றுதான். அழவைத்தார் என்பது இல்லை.

உன் அப்பாவைப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி யார் என்று உனக்குத் தெரியும். இன்றும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாய். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா ஏன் வரவில்லை என்று ஒரு தடவை கேட்டாய். கூலி பாக்கி என்று மட்டும் சொன்னேன்.

ஆண்டு முடிந்து கணக்குத் தீர்க்கிற காட்சியை நினைத்துப் பார். ஊருக்குப் போகலாம் என்று வரிசையில் நிற்கிறார்கள். வைத்தியத்துக்கு இவ்வளவு, கங்காணிக்கு இவ்வளவு என்று பிடித்தது போக ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சாததால் போக முடியாது. அது 1939இல் நடக்கிற கதை. நாவல் காட்டுகிற காலம் அதற்கும் முந்தியது. அதனால்தான் நீ ‘இந்தக் காலத்தில் நடக்குமா’ என்றாய். இந்தக் காலத்தில் ஹாஸ்டல் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று பெயர் வைத்துப் பிடிக்கிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருவதாகச் சொன்ன தொகை, மூன்று வருடம் முடியாததால் இல்லையாம். முன்பு மில்களில் இதைச் சுமங்கலித் திட்டம் என்பார்கள். பத்திரிகைகளில் கண்டபடி எழுதிய பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, நோட்டீசில் வேறு என்னவோ போடுகிறார்கள். அவள் கொண்டுவந்து காட்டிய நோட்டீஸின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது.

அந்த நம்பரை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு அதற்குத்தானே கூப்பிடுகிறேன்.

கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் சட்டமே வந்துவிட்டது. முன்பணம் கொடுத்து, அதைக் காட்டியே ஆளைப் போகவிடாமல் வைத்திருப்பதும் அதில் அடங்கும். நூலகத்தில் சட்டப் புத்தகங்களை அடுக்கும்போது படித்தது. சும்மா சொல்கிறேன். நீ எட்டாவது படிக்கும்போதே என்னைவிட வேகமாகப் படிப்பாய், இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

நீ கெட்டவன் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். மேற்கூரைக்கு ஓடு மாற்றியது நீ. அக்காவின் நகையைப் பேங்க்கிலிருந்து மீட்டது நீ. ‘இந்தப் பிள்ளை தலையெடுத்துவிட்டான்’ என்று ஊரில் சொல்லும்போது எனக்குக் கழுத்து நிமிரத்தான் செய்கிறது. மழை பெய்தால் இப்போது வீட்டுக்குள் பாத்திரம் வைக்க வேண்டியதில்லை. அந்த ஓட்டுக்குப் பணம் எப்படி வந்தது என்று உன்னிடம் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா உன்னை நம்பி மட்டும் அனுப்பவில்லை. என்னிடம் வந்து, ‘உங்கள் பையன் சொல்கிறார், அனுப்பலாமா அம்மா’ என்று கேட்டுத்தான் அனுப்பினாள். இப்போது புளி உலுக்க வருகிறாள், கூலியை எண்ணி வாங்குகிறாள், போகிறாள். மோர் கொடுத்தால் ‘வேண்டாம் அம்மா’ என்கிறாள். சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம்.

படத்தின் முடிவைத்தான் நீ மிகவும் கிண்டல் செய்தாய். ஓடப் பார்த்ததற்காகக் கால் நரம்பு அறுபட்ட ராசா மலையில் உட்கார்ந்திருக்க, புதிதாக வந்து சேரும் கூட்டத்தில் அவன் விரும்பிய அங்கம்மா பிள்ளையோடு நிற்கிறாள். கண்ணீரைப் பிழிகிறார்கள் என்றாய். நாவலைப் படித்த மாப்பிள்ளைக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. போராடுகிற மனிதர்களைப் பற்றிய புத்தகத்தை ஒப்பாரியில் முடித்துவிட்டார் என்பது அவர் கட்சி. நான் இதில் பாலா பக்கம். முதலில் போனவர்களின் கதி ஊருக்குத் தெரியாமல் இருந்ததால்தான் அடுத்த கூட்டம் வந்தது. யாரும் திரும்பிப் போய்ச் சொல்லவில்லை, சொல்ல ஆளில்லை.

சித்தேரிப் பக்கத்திலிருந்து இன்னும் நான்கு பெண்கள் பங்குனிக்குப் பிறகு புறப்படுவதாக அக்கா கேள்விப்பட்டிருக்கிறாள். உண்மையா என்று தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொண்டு போ. இரவில் மஞ்சவாடி வழியாக வராதே, சொல்லிவிட்டேன். தீர்த்தமலைத் தேருக்கு வருவதாக அக்காவிடம் சொன்னாயாம். வந்தால் நல்லது. மாப்பிள்ளையிடம் சண்டை போடுவதானால் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போடு, மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.

வரும்போது அந்தப் பெண்ணின் வீட்டார் கையெழுத்துப் போட்ட தாளையும், அவளுடைய வருகைக் கணக்கு உன்னிடம் இருந்தால் அதையும் கொண்டுவா. ஜெராக்ஸ் போதாது, அசலைக் கொண்டுவா. அவள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீயும் கூட வந்தால் என்ன பிடித்தார்கள், எவ்வளவு பாக்கி என்று உன் வாயாலேயே அவர்களிடம் சொல்லிவிடலாம். தேருக்கு முந்தின நாள் அவர்கள் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா