பென்சிலின் எங்கே, ஐயா?

ரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகத்தின் மருந்துகள் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பவானியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பென்சத்தீன் பென்சிலின் ஊசி மருந்தின் வரத்து மறுபடியும் நின்றுவிட்டது. காரணம் உங்களுக்குத் தெரியாதது இல்லை.

எங்கள் ஊரில் ஜமக்காளம் நெய்யும் வீட்டுப் பிள்ளை ஒருத்திக்கு தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதாகியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் இந்த ஊசி போட வேண்டும். கரைத்தாலும் கெட்டியாகவே இருக்கும் மருந்து; மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் செவிலியர் பெரிய ஊசியாகப் போடுவார். அதற்கும் அவள் அழுவதில்லை. அவள் அம்மாதான் கடை வாசலில் நின்று, "அண்ணா, இந்த வாரமாவது வருமா?" என்று கேட்கிறார். ஈரோட்டு மொத்தக்கடையில் இல்லை, கோவையிலும் இல்லை. தற்காலிகமாக மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் இருவேளை விடாமல் போட வேண்டும். விட்டுப்போய்க் காய்ச்சல் திரும்பினால் வால்வு இன்னும் கெடும். கெட்ட பிறகு அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. கெடாமல் காக்கும் மலிவான ஊசிதான் இல்லை. மலிவு என்பதாலேயே இல்லை.

பென்சிலினை நாமே தயாரிக்க 1954இல் பிம்ப்ரியில் அரசு ஆலை தொடங்கியது. ரிஷிகேஷிலும் ஒன்று வந்தது. சீன மூலப்பொருள் மலிவாக வந்ததும் உள்நாட்டு உற்பத்தி படுத்துவிட்டது, ரிஷிகேஷ் ஆலையை நடத்திய ஐ.டி.பி.எல். என்ற அரசு நிறுவனத்தையே மூட 2016இல் முடிவெடுத்தீர்கள். 2020இல் உற்பத்தி ஊக்கத்தொகை என்றீர்கள், காக்கிநாடா பக்கம் பென்சிலின் மூலப்பொருளுக்குத் தனியார் ஆலை வந்தது, மகிழ்ச்சி. 2024இல் இதே வகையைச் சேர்ந்த பென்சைல் பென்சிலின் உள்ளிட்ட சில மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் ஏற்றினீர்கள். பழைய விலை கட்டுபடியாகவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்? இலாபம் இல்லாத மருந்தை இலாபத்துக்காக நடக்கும் நிறுவனம் ஏன் தயாரிக்கும்? அரசு ஆலையில் தயாரியுங்கள் என்பதே என் கோரிக்கை.

ஆலையை இங்கேதான் வையுங்கள் என்று கேட்கவில்லை. ஆலைக் கழிவால் நொய்யலும் பெருந்துறையும் பட்டது போதும். எங்கே வைத்தாலும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதியோடு வையுங்கள். மருந்தை நலவாழ்வு அமைச்சகத்தில் சேர்க்காமல் யூரியாவோடு ஏன் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிறீர்கள் என்பதும் எனக்கு விளங்கியதில்லை. யூரியாவுக்கும் இங்கே வரிசையில்தான் நிற்கிறோம்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். பென்சத்தீன் பென்சிலினை அரசு ஆலையில் தயாரிக்க ஆணையிடுங்கள். அதுவரை மாவட்டந்தோறும் ஆறு மாதக் கையிருப்பு வைக்க மாநிலங்களுக்கு உதவுங்கள். அடுத்த சரக்கு எப்போது வரும் என்பதை மட்டுமாவது உடனே அறிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
பவானி