100% இலவம் பஞ்சு என்று விற்ற மெத்தை, தலையணைகள் குறித்துப் புகார்

அனுப்புநர்: பில்லில் உள்ள வாடிக்கையாளர், செல்லூர், மதுரை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, மெத்தை நிறுவனம், மதுரை.
நாள்: 12.07.2025
பொருள்: கலப்புப் பஞ்சை இலவம் பஞ்சு என்று விற்றது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா,

கடந்த பிப்ரவரியில் உங்கள் கடையில் ஆறுக்கு நான்கு அளவில் ஒரு மெத்தையும் இரண்டு தலையணைகளும் வாங்கினேன். மொத்தம் 9,300 ரூபாய். பில்லில் ‘18 கிலோ, 100% இலவம் பஞ்சு’ என்று அச்சடித்திருக்கிறது. மெத்தையோடு சேர்த்துத் தைத்த சீட்டிலும் அதே வாசகம்தான். உள்ளே இருப்பது வேறு.

மெத்தை அம்மாவுக்காக வாங்கியது. வயது 72, பிறந்த ஊர் போடி. போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவம் பஞ்சு எவ்வளவு புழங்கும் என்று மெத்தை விற்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் காய் பறித்துக் காயப்போட்டு, உடைத்துப் பஞ்சு பிரிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். மெத்தை வந்து இறங்கிய அன்றே கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "18 கிலோ இலவம் பஞ்சை அடைச்சா கட்டில்ல ஏற ஸ்டூல் வேணும்ப்பா. இது என்ன இவ்வளவு தட்டையா இருக்கு?" என்றார். புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்று நான்தான் வாயை அடைத்தேன்.

ஆனி பிறப்பதற்குள் அம்மா படுக்கிற இடத்தில் குழி விழுந்துவிட்டது, இரண்டு பக்கமும் மேடு. மொட்டைமாடியில் நான்கு நாள் போட்டு எடுத்தோம். மதுரை வெயிலைக் குறை சொல்ல முடியாது. நல்ல இலவம் பஞ்சு என்றால் அந்த வெயிலுக்கு மறுபடி உப்பி வந்திருக்கும். இதுவோ கட்டி கட்டியாக அப்படியே கிடந்தது.

சரி என்று ஒரு தலையணையின் ஓரத் தையலைப் பிரித்தேன். கைப்பிடி அளவு எடுத்துச் செய்தித்தாளில் உதறியதும் பழுப்பு நிறத்தில் பருத்திக்கொட்டைத் துணுக்குகள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் இழை ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவே நீலமும் சிவப்புமாக அரை விரல் நீள நூல் துண்டுகள். இலவ விதை உருண்டையாக மிளகு மாதிரி இருக்கும். பருத்தி இழை விதையின் மேலேயே முளைப்பது; இலவத்தில் அது காயின் உட்சுவரில் வளர்வது. அதனால் உதறினாலே இலவ விதை தனியாகக் கொட்டிவிடும், இழையோடு ஒட்டிக்கொண்டு வராது. இழை வழுவழுப்பாக இருப்பதால் தனியாக நூற்கவும் சுலபத்தில் வராது. இலவம் பஞ்சில் கலர் நூல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதோடு விடவில்லை. போடியில் சித்தி வீட்டு மரத்துக் காய் ஒன்று வீட்டில் இருந்தது. இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் அந்தக் காய்ப் பஞ்சையும் மற்றதில் உங்கள் பஞ்சையும் போட்டேன். முதலில் இரண்டுமே மிதந்தன. பச்சைப் பருத்தியிலும் கொஞ்சம் மெழுகு உண்டு, உடனே நனையாது என்பது எனக்கும் தெரியும். அதனால் இரண்டையும் தண்ணீருக்குள் விரலால் நன்றாக அமுக்கிப் பிசைந்துவிட்டேன். காய்ப் பஞ்சு விரலை எடுத்ததும் மேலே வந்தது. இலவ இழை உள்ளே காற்று நிறைந்த குழாய், மேலே மெழுகுப் பூச்சு. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் இதை அடைத்ததே அதனால்தான். உங்கள் பஞ்சில் பெரும்பகுதி ஈரத் துணி மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. மேலே நின்றது ஒரு சிட்டிகை. அதை மட்டும் இலவம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு சிட்டிகையை முற்றத்தில் வைத்துக் கொளுத்தியதில் பாதி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது. மீதி சுருங்கி உருகி, கடுகு அளவில் கெட்டியான கறுப்பு மணிகளாக நின்றது. பருத்தியோ இலவமோ உருகாது, அது பாலியஸ்டர்.

இலவு காத்த கிளி என்பார்கள். அந்தக் கிளிக்குக் கடைசியில் பஞ்சாவது கிடைத்தது.

உங்கள் கடைக்கு இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை பேசிய தம்பி, "சில்க் காட்டன் சார் அது, பாதி சில்க், பாதி காட்டன்" என்று விளக்கினார். இலவத்துக்கு இங்கிலீஷில் அப்படி ஒரு பெயர், அதில் பட்டும் இல்லை பருத்தியும் இல்லை என்று நான் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை, தையல் பிரித்துவிட்டதால் வாரண்டி கிடையாது என்றார்கள். பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது?

தலையணையோடு வந்த பராமரிப்புச் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘மெஷினில் வெந்நீரில் அலசலாம்’ என்று போட்டிருக்கிறது. இலவம் பஞ்சுத் தலையணையை யாராவது மெஷினில் போடுவார்களா? பஞ்சு கட்டி தட்டி, உள்ளே சிக்கிய ஈரம் காயாமல் நாற்றம் எடுக்கும். உறையைக் கழற்றித் துவைத்து, தலையணையை வெயிலில் திருப்பிப் போட்டு எடுத்தால் போதும். கம்பால் ஓங்கி அடிக்கவும் கூடாது. இழை ஒடிந்து தூளாகும், அந்தத் தூசு இருமலைக் கிளப்பும். பாலியஸ்டர் தலையணைக்கு அச்சடித்த சீட்டை இதில் வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மட்டில் சீட்டு உண்மை பேசியிருக்கிறது.

கலந்து விற்பதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் மெத்தை தைப்பவர் பருத்தி மெத்தையைப் பருத்தி மெத்தை என்றுதான் விற்கிறார். சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து அடித்துத் தைக்க வேண்டும் என்று வாங்கும்போதே சொல்லிவிடுவார், விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான். நீங்களும் ‘கலப்புப் பஞ்சு’ என்று எழுதி அதற்குரிய விலை போட்டிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.

மெத்தையையும் தலையணைகளையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 9,300 ரூபாயை 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். வேறு மெத்தை மாற்றித் தருவதாகச் சொல்ல வேண்டாம், அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். பதில் வராவிட்டால் 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

ஆள் அனுப்புவதாக இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அனுப்புங்கள். மெத்தை திண்ணையில் சுருட்டி வைத்திருக்கிறது. அம்மா இப்போது கோரைப்பாயில் படுக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், மெத்தைச் சீட்டு மற்றும் பராமரிப்புச் சீட்டின் படங்கள், இரண்டு டம்ளர்களின் படம், ஒரு பொட்டலத்தில் உங்கள் பஞ்சு.